மெயின்லேண்ட் என்று ஒரு வட்டாரம்

1

காலை ஆறு மணிக்கெல்லாம் அந்தமானில், எங்கள் ஷாதிபூரில் வெயில் முற்றிவிடும். அங்கே நீங்கள் பாயைச் சுருட்டும் நேரத்தில் இங்கே நாங்கள் வியர்த்து முடித்திருப்போம். இருபத்து மூன்று வருடமாக ஊருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் இதைச் சொல்கிறேன், ஒருவரும் நம்புவதில்லை. போகட்டும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் என் மகள் ரிஸ்வானாவின் கம்ப்யூட்டர் திரையில் நாலு வரி ஆங்கிலம் வந்து நின்றது.

"அத்தா, கேம் பந்தாம்."

"பந்த்னா? கரண்டு இருக்கே."

"அரே, கரண்டு இல்லத்தா. நம்ம கம்ப்யூட்டர்ல பந்த். இன்னும் நாப்பது நாள்தான். அப்புறம் கம்பெனிக்காரன் விக்கிற அந்த கேம் பொட்டியில மட்டும்தான் வருமாம். எக்ஸ்க்ளூசிவ்னு போட்டிருக்கான்."

"அப்படின்னா?"

"ஸ்பெஷல்னு அர்த்தம்." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. நமக்கு இல்லைன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பதினாறு வயதுச் சிரிப்பு. அவளுடைய அம்மா நூர்ஜஹான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லதாப் போச்சு, இனிமேலாவது புஸ்தகத்தத் தொடுவா" என்றாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. சுனாமியில் கடல் வீடுகளுக்குள் வந்த அந்த வருடத்தில்கூட இப்படிப் பயந்ததாக நினைவில்லை.

ஒரு விளையாட்டு நின்றுபோவதற்கு நாற்பத்தெட்டு வயது ஆள் பயப்படுவானா என்று கேட்பீர்கள். பயப்பட்டேன். இப்போதும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

2

அவளுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது வலது கையிலிருந்து தண்ணீர்க் குவளை விழுந்தது. அடுத்த மாதம் பென்சில். பிறகு சடை பின்னும்போது முடி விரல்களில் நிற்கவில்லை. மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போனோம். கடல் தாண்டி இருக்கும் இந்தியா முழுவதற்கும் நாங்கள் இங்கே வைத்திருக்கும் ஒற்றைப் பெயர் மெயின்லேண்ட். சென்னையும் மெயின்லேண்ட், காஷ்மீரும் மெயின்லேண்ட், நான் பிறந்த ராமநாதபுரத்துப் பக்கமும் மெயின்லேண்ட். அங்கே ஒரு மருத்துவர் மெல்லிய குரலில், தசை மெலிகிற நோய் என்றார். நிற்குமா என்று கேட்டேன். மெதுவாகப் போகும் என்றார். கேட்டதற்கு அது பதிலில்லை என்பது கப்பலில் மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

தொழிலால் நான் ரிப்பேர்காரன். பஜாரில் கடை. உப்புக்காற்று தின்ற டிவி, போன், படகுக்காரர்களின் ஒயர்லெஸ், எல்லாவற்றையும் திறந்து பச்சை பூத்த இடங்களைச் சுரண்டி ஈயம் வைப்பவன். மகளின் கையைத் திறக்க முடியாது. கைக்குப் பக்கத்தில் என்ன வைக்க முடியும் என்று பார்த்தேன். பழுதான லிஃப்ட் பலகையிலிருந்து இரண்டு பெரிய பொத்தான்கள், உடைந்த பொம்மைக் காரின் ஸ்டியரிங், வெங்காயம் அளவில் ஒரு குமிழ். பலகையில் அறைந்து, ஒயரை இழுத்து, கம்ப்யூட்டரில் சொருகினேன். அது எதிர்க்கேள்வி கேட்கவில்லை. எவன் செய்தது, எந்த நாட்டுச் சரக்கு, ஒன்றுமில்லை. சரி என்றது. ரிஸ்வானா அதற்கு 'நண்டு' என்று பெயர் வைத்தாள்.

நண்டோடு அவள் கேப்டன் ஆனாள்.

அது ஒரு கப்பல் விளையாட்டு. நாலு பேர் சேர்ந்து ஒரு கப்பலை ஓட்ட வேண்டும். பனிமூட்டம், பாறை, கொள்ளைக்காரர்கள். இவளோடு மூன்று பெண்கள்: கோயம்புத்தூரில் ஒரு பிரியா, திருச்சியில் ஒருத்தி, புதுச்சேரியில் ஒருத்தி. ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. நாலு வருடமாகச் சாயங்காலம் நாலு மணிக்குக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கத்துவார்கள்.

"ஏய் அந்தமான், லெஃப்டுல பாறைடி!"

"தெரியுது, சும்மா இரு."

"உங்க ஊருக்கு வர பாஸ்போர்ட் வேணுமா?"

"உன் மூஞ்சிக்கு விசாவே கெடைக்காது, போ."

அவர்களுக்கு இவள் கை தெரியாது. அது ஒன்றுதான் விஷயம். பள்ளியில், தெருவில், கல்யாண வீட்டில் எல்லோருடைய கண்ணும் முதலில் அந்தக் கைக்குப் போய், பிறகுதான் முகத்துக்கு ஏறும். அந்தக் கப்பலில் மட்டும் அவள் கையில்லாத வெறும் குரல். கேப்டன் குரல். நாற்பதாம் நாள் அந்தக் குரல் எங்கே போகும்?

3

பரமக்குடியில் நான் வேலை பழகிய ரேடியோ கடையில் ஒரு கேசட் விளையாட்டுப் பெட்டி இருந்தது. எந்த நிறுவனம் செய்தது என்று யாருக்கும் தெரியாது. மேலே ஒட்டியிருந்த எழுத்தே தப்பு. மதுரையில் வாங்கிய கேசட்டும் அதில் போகும், கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்ததும் போகும். படம் வராவிட்டால் கேசட்டின் பல்லில் வாயால் ஊதுவோம். ஊதினால் வரும். உலகம் முழுக்க ஊதினால் வரும் என்று நினைத்த வயது அது. இங்கே வந்த பிறகும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. இணையம் நொண்டிய காலத்தில் விளையாட்டுகள் கப்பலில் வரும். யாராவது ஒரு மாணவன் விடுமுறைக்கு வரும்போது ஹார்ட் டிஸ்கில் கொண்டுவருவான், பாதித் தீவு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இப்போது வந்ததும் கப்பலில்தான். நூர்ஜஹானின் தம்பி சுலைமான் சரக்கெடுக்கச் சென்னை போயிருந்தான். அவனிடம் அந்தப் பெட்டியை வாங்கிவரச் சொல்லியிருந்தேன். ரிஸ்வானாவுக்குத் தெரியாது. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. (உண்மையைச் சொன்னால், ஆச்சரியத்துக்காக இல்லை. வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்கிற பயம்.) வயது பதினெட்டு ஆகாததால் அவள் கணக்குக்குக் காப்பாளன் நான். மின்னஞ்சல் என் போனுக்குத்தான் வரும். நிறுவனம் ஒரு கடிதமும் அனுப்பியிருந்தது: பழைய கணக்கைப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், நாற்பதாம் நாள் வரை கம்ப்யூட்டரிலும் அது ஓடும், ஆனால் மாற்றுவது ஒரே ஒரு முறை, மாற்றினால் மாற்றினதுதான்.

அவள் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அம்மாவோடு போயிருந்த ஒரு மதியம், நானும் சுலைமானும் பெட்டியைப் பிரித்தோம். கறுப்பாக, வழவழப்பாக, ஒரு திருகாணி கூட வெளியே தெரியாமல் இருந்தது. ரிப்பேர்காரனுக்குத் திருகாணி தெரியாத பொருள் என்றால் கண்ணே இல்லாத முகம் மாதிரி.

திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. பெயர். பிறந்த நாள். பிறகு, எந்த வட்டாரம்? ஒரு பட்டியல் விரிந்தது. ஆசியா. ஐரோப்பா. அமெரிக்கா. மெயின்லேண்ட்.

"இந்தியான்னு இல்லையே மச்சான்" என்றேன்.

"கீழ பாருங்க மச்சான், மெயின்லேண்ட்னு இருக்குல்ல. வேறென்ன வேணும்?"

"ஆசியாவா இருக்குமோ?"

"ஆசியான்னா துபாய், சிங்கப்பூரு அந்தப் பக்கம். புள்ளைங்க எல்லாம் எங்க இருக்கு?"

"மெயின்லேண்டுலதான்."

"அப்ப சலோ, அமுக்குங்க. கம்பெனிக்காரன் நம்ம தீவையும் ஞாபகம் வச்சு எழுதியிருக்கான், அச்சா ஆளு."

அமுக்கினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். மாற்றினால் மாற்றினதுதான், தெரியுமா என்று கேட்டது. தெரியும் என்றேன். ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து நிறைந்தது. எனக்கு அழகாகக்கூட இருந்தது.

4

பிறகு திரை முழுக்கச் சீன எழுத்து வந்தது.

கணினி உலகத்தில் மெயின்லேண்ட் என்றால் சீனப் பெருநிலமாம். அவர்களுக்குத் தனிக் கடல். அந்தக் கடலுக்கும் மற்றக் கடல்களுக்கும் நடுவே வாசல் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அன்று மாலை வரை ஆனது. ராமநாதபுரத்துக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். சென்னைக்காரன் செய்ய மாட்டான். தான் நிற்கும் தரைக்கு மெயின்லேண்ட் என்று எவனாவது பெயர் வைப்பானா? தீவில் இருபத்து மூன்று வருடம் கிடந்தவன் மட்டும்தான் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வீட்டு வாசலைப் பார்த்ததுபோல் விரலை நீட்டுவான்.

கணக்கு மட்டும் போகவில்லை. கப்பல் கேப்டன் பெயரில்தான் இருக்கும். நாலு பெண்கள் நாலு வருடம் சேர்ந்து கட்டிய கப்பல், பிரியா தன் கையால் பாய்மரச் சீலையை வரைந்த கப்பல், பெயர் 'மீன்கொத்தி', அதையும் சேர்த்து நான் அந்தப் பக்கத்துக் கடலில் தள்ளிவிட்டேன். நாற்பது நாள் முடியும்போது பழைய கதவு மூடும். புதிய கதவுக்குள் அவர்கள் போனால், கேப்டனும் இருக்க மாட்டாள், கப்பலும் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. நண்டைச் சொருகிப் பார்த்தேன். 'அனுமதி பெறாத சாதனம்' என்று ஒரு வரி. பிடுங்கித் திரும்பச் சொருகினேன். அதே வரி. பழைய பழக்கத்தில் பின்னின் முனையை வாயருகே கொண்டுபோய் ஊதினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஊதினேன்.

நிறுவனத்துக்கு எழுதினேன். என் ஆங்கிலம் பஜார் ஆங்கிலம். 'நாங்கள் தீவில் இருக்கிறோம், தயவுசெய்து எங்களை மெயின்லேண்டோடு சேர்த்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தேன். ஒரு நாள் கழித்து மிகப் பணிவான பதில்: 'வாழ்த்துகள், நீங்கள் ஏற்கனவே மெயின்லேண்டில்தான் இருக்கிறீர்கள்.' மறுபடி எழுதினேன்: 'இல்லை, மெயின்லேண்டில் நாங்கள் இல்லை, எங்கள் ஆட்கள்தான் இருக்கிறார்கள்.' பதில்: 'உங்கள் ஆட்களையும் மெயின்லேண்டுக்கு வரச் சொல்லுங்கள்.' மூன்றாவது முறை 'நான் இந்தியன்' என்று மட்டும் எழுதினேன். வட்டாரத்தை மாற்ற வசதியில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று வந்தது. எழுதியது மனிதனா இயந்திரமா என்று தெரியவில்லை. மனிதனாக இருந்தால் அவன் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

ரிஸ்வானாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் அவளிடம் காட்டினேன். "இன்னும் ரெடியாகல, நான் பாத்துட்டு இருக்கேன், நீ தொடாத" என்றேன். "டீக் ஹை" என்றாள். கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய பெண் கேட்காமல் போனது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. எவ்வளவு மடையன் பாருங்கள்.

5

அந்த நாட்களில் பயம் எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. கடையைத் திறப்பேன், பயப்படுவேன். ஈயம் உருகும் புகையில் நாட்களை எண்ணுவேன். முப்பத்தொன்று. முப்பது. சாப்பாட்டு வேளையில் அவள் சோற்றை அள்ளுவதைப் பார்க்காததுபோல் பார்ப்பேன். ஸ்பூனுக்கு மாறியிருந்தாள். எப்போதிலிருந்து? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும்.

துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் வரிசையைக் கடந்து போனபோது ஒன்று தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். வந்த புதிதில் என்னிடம் தீவுக்காரர் அட்டை கிடையாது. அட்டை உள்ளவர்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. நான் நீளமான வரிசையில் நின்று குட்டை வரிசையை வயிற்றெரிச்சலோடு பார்ப்பேன். பிறகு அட்டை கிடைத்தது. அன்றைக்குக் குட்டை வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தேன், கொஞ்சம் மிதப்பாகவே. சிறிய இடம், இருக்கிற இடம் இருக்கிறவர்களுக்கு வேண்டும்தானே என்று அப்போது எனக்கு நியாயமும் தோன்றியது. அந்த நிறுவனத்துக்காரனும் இப்படித்தான் நினைப்பான். காசு போட்டு விளையாட்டை வாங்கினேன், என் வாசல் வழியாக வா என்பான். வாசல் கட்டுகிறவனுக்கு எப்போதும் ஒரு நியாயம் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நிற்கிறவளுக்குக் கை சரியில்லை என்பது அந்த நியாயத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் அதிகப் பயம்.

6

பதினேழு நாள் மிச்சமிருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். நூர்ஜஹான் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணோடு வாசலில் இந்தியில் மீன் விலைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ரிஸ்வானா கூடத்தில் புத்தகம் பிடித்திருந்தாள். நான் சும்மா, கைப்பழக்கத்தில், அலமாரியில் இருந்த பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

வெயில் சூடு இல்லை. உள்ளே ஓடி நின்ற சூடு. அரை மணி நேரத்துக்குள் அணைத்திருக்கிறார்கள். இந்தக் கை அதில் தப்புச் செய்யாது.

கண்டுபிடித்துவிட்டாள் என்பது மட்டும்தான் அந்தக் கணத்தில் தோன்றியது. முந்திக்கொள்ள வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எல்லாம் கொட்டியது. சுலைமான், பட்டியல், மெயின்லேண்ட், மீன்கொத்தி, கடிதங்கள். நான் நின்றுகொண்டே பேசினேன், கைகளைக் கட்டிக்கொண்டு, தலைமை ஆசிரியர் முன்னால் நிற்பதுபோல்.

அவள் புத்தகத்தை மூடவில்லை.

"தெரியும்த்தா."

"எப்ப?"

"நீங்க அமுக்குன மறுநாளே. உங்க போன்ல மெயில் கெடந்துச்சே. பிரியாவுக்கும் சொல்லிட்டேன். மூணு நாள் பேசல, கழுத. அப்புறம் அவளே கூப்புட்டா. நாங்க புதுக் கணக்குல கட்டுமரத்துலேர்ந்து ஆரம்பிக்கப் போறோம். பிரியா வீட்ல பொட்டி வாங்கல. அவ போன்ல இருந்துக்கிட்டே பாறை பாறைன்னு கத்துவா. வழக்கம்போல."

"அப்ப மீன்கொத்தி?"

"அது அங்கதான் இருக்கு. தெனம் போய்ப் பாத்துட்டு வரேன். அங்க பேசுறது ஒண்ணும் புரியல. ஆனா ஒரு கப்பல் தெனமும் பக்கத்துல வந்து ரெண்டு தடவ ஹார்ன் அடிக்குது. நானும் அடிப்பேன். அச்சா ஆளுங்கதான்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

இப்போதுதான் நிமிர்ந்தாள். "நீங்க ஏன் சொல்லல?"

கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, பெட்டியை அலமாரிக்குள் தள்ளி வைத்தேன்.

"அந்தக் கம்பெனியும் நீங்களும் ஒண்ணுதான்த்தா. எனக்கு நல்லதுன்னு நெனச்சுக்கிட்டு, எனக்குத் தெரியாம பொத்தான அமுக்குறீங்க. ஒரு வார்த்த கேட்டா என்ன? ஆசியான்னு சொல்லியிருப்பேன்ல? சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சுலைமான் மாமாவைக் கேலி செய்யும் குரலில், கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பின் பாதியில் ரிப்பேர்காரன் மூளை விழித்துக்கொண்டது. பெட்டி நண்டை ஏற்காது. நண்டு இல்லாமல் இவள் எப்படி ஓட்டினாள்?

"எதுலம்மா வெளையாடுன?"

"பொட்டியோட வந்த ரிமோட்லதான்."

"வலது கைல முடியாதே."

"இடது கை. மத்ததுக்கு..." என்று நிறுத்தி, மோவாயைக் கீழே அழுத்திக் காட்டினாள். "தரைல வச்சு, இப்படி."

"இடது கைதான் நல்லாயிருக்கே. மோவாய் எதுக்கு?"

வாசலில் மீன் சண்டை முடிந்து, நூர்ஜஹான் உள்ளே வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ரிஸ்வானா புத்தகத்தை மடியில் வைத்தாள். இடது கையைத் தூக்கி என் முன்னால் நீட்டினாள். விரல்களை மடக்கச் சொன்னதுபோல் மடக்கினாள். மூன்று விரல் மடங்கியது. இரண்டு விரல், சுண்டு விரலும் அதற்கடுத்ததும், காற்றில் அப்படியே நின்றன.

"ரம்ஜானுக்கு முன்னாடிலேர்ந்து" என்றாள். "சொன்னா நீங்க கடைய மூடிட்டு அன்னைக்கே மெயின்லேண்ட் டிக்கெட்டுக்கு ஓடுவீங்க. அங்க போனா அந்த டாக்டர் திரும்ப மெதுவான்னு சொல்வாரு. நாலு மணிக்கு எனக்கு டூட்டி இருக்குல்ல?"

நூர்ஜஹான் நிலைப்படியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அவளுக்கும் தெரியும். ஸ்பூன் வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். இந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்தவர் பயந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். யாரும் அழவில்லை. "சோறு ஆறுது" என்றாள் நூர்ஜஹான். சாப்பிட்டோம். என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

7

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டுக் கடையைத் திறக்காமல், கருவிப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருத்துவமனைக்குத் தேதி கேட்டு எழுதியாகிவிட்டது. அவள் சம்மதித்த தேதி, அந்த நாற்பதாம் நாளுக்குப் பிறகு வருவது.

பெட்டிக்கு அதன் சொந்த ரிமோட்டைத்தான் தெரியும். சரி, ரிமோட்டின் சர்க்யூட் பலகையே உள்ளே இருக்கட்டும். பொத்தான்களை மட்டும் வேறிடத்துக்கு இழுத்துவிடலாம். உள்ளே ஈயம் வைக்கும் இடங்கள் கடுகைவிடச் சிறியவை. ஒரு சொட்டு நகர்ந்தால் ரிமோட் செத்துவிடும். உத்தரவாத முத்திரை கிழிந்தால் கம்பெனியும் மாற்றித் தராது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கிழிக்கட்டுமா என்று கேட்டேன்.

"கிழிங்க."

நாலு திருகாணி, ஒன்று முத்திரைக்கு அடியில் ஒளிந்திருந்தது. திறந்தேன். முப்பது வருடமாக ஈயம் வைக்கும் கை எனக்கு நடுங்கியது. மகள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் நடுங்கியது. அவள் தன் முழங்கையை என் மணிக்கட்டின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். கொஞ்சம் நின்றது.

"திருப்புறதுக்கு எங்க வேணும்?"

"இடது கைல, கட்டை விரலுக்கு. அது நல்லாத்தான் இருக்கு."

"ஹார்னு?"

"கன்னத்துக்கிட்ட. சாஞ்சா அடிக்கணும்."

"நங்கூரம்?"

யோசித்தாள். கையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், காலைக்கூட ஒரு முறை பார்த்தாள்.

"இப்போதைக்கு முழங்கைல வைங்க. ஆனா எதையும் பலகைல அறைஞ்சிடாதீங்கத்தா. அப்பப்ப எடம் மாத்த வேண்டி வரும். எல்லா ஒயரையும் நீளமா விடுங்க."

எவ்வளவு நீளம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுருளில் இருந்ததை முழுவதும் விட்டேன்.